கூகுள் கணக்கு வழி உள்நுழைவு: புதியவர்களுக்கு மட்டும் தோல்வி (ஸ்பிரிங் பூட் 3)

கேள்வி

வணக்கம். ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய வலைச்செயலி ஒன்றில், கூகுள் கணக்கைக் கொண்டு உள்நுழையும் வசதியை அதன் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ஓஆத் 2 (கடவுச்சொல்லைப் பகிராமல் வேறொரு தளத்தின் கணக்கால் உள்நுழைய உதவும் நெறிமுறை) வழியாகச் சேர்த்திருக்கிறேன். என் கணினியில் பிசகின்றி ஓடுகிறது. வழங்கியில் ஏற்றியபோது (முன்னால் எச்டிடிபிஎஸ்ஸைக் கவனிக்கும் இடைவழங்கியான என்ஜின்எக்ஸ், பின்னால் 8080 போர்ட்டில் செயலியை ஓட்டும் டாம்கேட்) முதலில் ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்’ (திரும்பும் முகவரி, கூகுளில் பதிந்ததோடு பொருந்தவில்லை) என்ற 400 பிழை வந்தது. திரும்பும் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸுடன் முழுமையாக உள்ளமைவுக் கோப்பில் எழுதிவைத்ததும் அது போயிற்று.

இப்போதைய தொல்லை வேறு. கூகுள் பக்கத்தில் கணக்கைத் தேர்ந்தெடுத்துத் திரும்பியவுடன் பயனர் மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே தள்ளப்படுகிறார். லாகில் ‘ஆத்தரைசேஷன் ரிக்வெஸ்ட் நாட் ஃபவுண்ட்’ (உள்நுழைவுக் கோரிக்கை கிடைக்கவில்லை) என்று பதிவாகிறது. விந்தை என்னவென்றால், எனக்குப் பெரும்பாலும் வேலை செய்கிறது. புதியவர்களுக்கு ஒருமுறைகூடச் செய்யவில்லை. கூகுள் என் செயலிக்குத் தந்த ரகசியச் சாவியான கிளையண்ட் சீக்ரெட்டை இருமுறை மாற்றியும் பயனில்லை.

மறுமொழி 1

சீக்ரெட்டை விட்டுவிடுங்கள். அது தவறாக இருந்தால் டோக்கன் (கூகுள் தரும் அனுமதிச் சான்று) வாங்கும் கட்டத்தில் ‘இன்வாலிட் கிளையண்ட்’ என்று வந்திருக்கும். உங்கள் செயலி அந்தக் கட்டத்தை எட்டவே இல்லை.

பயனரைக் கூகுளுக்கு அனுப்புவதற்கு முன், ஸ்பிரிங் செக்யூரிட்டி ‘ஸ்டேட்’ என்ற ஊகிக்க முடியாத மதிப்பொன்றை உருவாக்கி, அந்தக் கோரிக்கை முழுவதையும் செஷனில் (வழங்கி அந்தப் பயனருக்கென வைத்திருக்கும் தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்கிறது. பயனர் திரும்பும்போது முகவரியில் வரும் ஸ்டேட்டைச் செஷனில் தேடுகிறது. கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் பிழைச்செய்தியின் பொருள். அதாவது, போன செஷனும் வந்த செஷனும் ஒன்றல்ல. உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, திரும்பிவரும் கோரிக்கையில் செஷனை அடையாளம் காட்டும் ஜேசெஷன்ஐடி குக்கி இருக்கிறதா என்று பாருங்கள். செயலி இரண்டு வழங்கிகளில் ஓடுகிறதா என்பதையும் சொல்லுங்கள். அப்படியானால் செஷன் ஒன்றில் இருக்க, பயனர் மற்றொன்றுக்குப் போயிருக்கலாம்.

கேட்டவர்

ஒரே வழங்கிதான். மறைநிலைச் சாளரத்தில் சோதித்தேன்: திரும்பும் கோரிக்கையில் குக்கி இல்லை. முதலில் அந்தக் குக்கி வந்த பதிலில் ‘சேம்சைட்’ (பிற தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கியை அனுப்பலாமா என்பதைச் சொல்லும் அமைப்பு) மதிப்பு ‘ஸ்ட்ரிக்ட்’ என்று இருக்கிறது. பாதுகாப்புத் தணிக்கை ஒன்றுக்குப் பிறகு நானே சேர்த்த வரி அது. ஆனால் அதுதான் காரணமென்றால் எனக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது?

மறுமொழி 1

அதுவேதான் காரணம். ‘ஸ்ட்ரிக்ட்’ குக்கியை, வேறொரு தளத்திலிருந்து தொடங்கும் கோரிக்கையோடு உலாவி அனுப்பாது. புதியவர் கூகுள் பக்கத்தில் நின்று, கணக்கைச் சொடுக்கி, அங்கிருந்து கிளம்புகிறார். ஆகவே குக்கி வராது. நீங்களோ ஏற்கெனவே அனுமதி தந்தவர் என்பதால், கூகுள் உங்களை எங்கும் நிறுத்தாமல் உடனே திருப்பி அனுப்பிவிடுகிறது. பயணம் உங்கள் தளத்திலேயே தொடங்கியதால், சில உலாவிகள் இடையில் நடந்த திசைமாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அதே தளத்துக் கோரிக்கையாகவே கருதிக் குக்கியை அனுப்பிவிடுகின்றன. எழுதியவரின் உலாவியில் மட்டும் மறைந்துகொள்ளும் பிழைகள் பெரும்பாலும் இவ்வகைதான்.

மதிப்பை ‘லேக்ஸ்’ என்று மாற்றுங்கள். முகவரிப் பட்டை மாறும்படியான, பக்கத்தைக் கேட்டுப் பெறும் கெட் கோரிக்கையில் அது குக்கியை அனுமதிக்கும். மதிப்பு எதுவும் குறிக்காத குக்கிகளைக் குரோம் 2020 முதல் இப்படித்தான் நடத்துகிறது.

மறுமொழி 2

பின்னாளில் ஆப்பிள் கணக்கையும் சேர்ப்பதாக இருந்தால் ‘லேக்ஸ்’ போதாது. பெயரோ மின்னஞ்சலோ கேட்கும்போது ஆப்பிள் விடையைத் தரவைப் படிவமாக அனுப்பும் போஸ்ட் கோரிக்கையாக அனுப்புவதால், ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு) குறியுடன் ‘நன்’ என்ற மதிப்பு தேவைப்படும்.

இன்னொன்று. முழு முகவரியைக் கோப்பில் எழுதியது முதல் பிழையை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை. என்ஜின்எக்ஸ் பின்னால் வெறும் எச்டிடிபியாக அனுப்புவதால், செயலி தன்னை எச்டிடிபி தளமென்றே நம்பிக்கொண்டிருக்கிறது. பயனர் வந்தது எச்டிடிபிஎஸ்ஸிலா என்பதைச் சொல்லும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’ தலைப்பை என்ஜின்எக்ஸில் அனுப்பி, அதைச் செயலி ஏற்கும்படி ஸ்பிரிங் பூட்டின் ‘ஃபார்வர்ட்-ஹெட்டர்ஸ்-ஸ்ட்ராட்டஜி’ அமைப்புக்கு ‘ஃபிரேம்வொர்க்’ என்று கொடுங்கள். அத்தலைப்பை யாரும் போலியாக அனுப்ப முடியும் என்பதால், 8080 போர்ட் வெளியிலிருந்து எட்டாதபடி அடைத்துவையுங்கள்.

கேட்டவர்

‘லேக்ஸ்’ ஆக்கியதும் மறைநிலைச் சாளரத்திலும் இரு புதிய கணக்குகளிலும் உள்நுழைவு நடந்தது. தலைப்பையும் சேர்த்து, கோப்பில் எழுதிய முகவரியை நீக்கிவிட்டேன். 400 பிழை திரும்பவில்லை. 8080 இதுவரை வெளியே திறந்துதான் கிடந்தது, அதையும் அடைத்தாயிற்று. இருவருக்கும் நன்றி.