பிக்னிக்குக்கு தூக்கிட்டுப் போற மாதிரி சின்ன கரி கிரில் எது வாங்கலாம்?

ஈரோட்டுக்காரன்82

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நாங்க குடும்பத்தோட ஆனைமலை பக்கம் மச்சான் தோப்புக்குப் போவோம், பசங்க மோட்டார் தொட்டியில குளிச்சுட்டு பசியோட ஓடி வரும்போது அங்கயே சிக்கன் சுட்டுத் தரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இதுவரைக்கும் மூணு கல்ல வச்சு மேல கம்பி வலையப் போட்டுத்தான் சுட்டுட்டு இருந்தோம், போன தடவை வலை நடுவுல தொங்கி பாதி கறி சாம்பல்ல விழுந்துருச்சு. அது ஜன்னலுக்கு அடிக்கற ஜி.ஐ. வலை வேற, அதுல சுட்டு பசங்களுக்குக் குடுக்கலாமான்னே இப்ப பயமா இருக்கு.

மொத்தம் 6 பேருங்க, பெரியவங்க 4, பசங்க 2. அம்மா சைவம். அவங்களுக்கு பன்னீரும் சோளக்கருதும் தனியா சுடணும், கறி வச்ச கம்பியில வச்சா தொட மாட்டாங்க. வண்டி வேகன்ஆர், துணிப்பை, தண்ணி கேன், பாய் எல்லாம் போக டிக்கில கொஞ்ச இடம்தான் மிச்சம். பட்ஜெட் 4,000 ரூபா. ஆன்லைன்ல பார்த்தா சூட்கேஸ் மாதிரி மடக்கறது இருக்கு, வாளி மாதிரி இருக்கு, மூடி போட்ட உருண்டை இருக்கு, கனமான வார்ப்பிரும்புல ஒண்ணு இருக்கு, பார்க்கப் பார்க்க குழப்பம்தான் வருது. வாங்கி அடிக்கடி பயன்படுத்துனவங்க யாராவது சொல்லுங்க.

---

தோப்புவாசி

முதல்ல அந்த ஜி.ஐ. வலைய எடைக்குப் போட்ருங்க. மேல பூசியிருக்கறது துத்தநாகம், அது 420 டிகிரியிலயே உருகிரும், நல்லா பிடிச்ச கரி அத சாதாரணமா தாண்டிப் போகும். அந்தப் புகைய சுவாசிச்சா காய்ச்சல் மாதிரி உடம்பு முறிச்சுப் போடும், வெல்டிங் பண்றவங்கள கேட்டுப் பாருங்க. ஜி.ஐ. வாளியில கரி போடறதும் அதே கதைதான், அதுவும் வேண்டாம்.

இப்ப கிரில்லுக்கு வர்றேன். நான் இந்த ஒம்பது வருசத்துல மூணு விதம் வாங்கிட்டேன். முதல்ல வாங்குனது மடக்கற சூட்கேஸ் டைப்பு, 1,800 ரூபா, காருக்கு அதவிட வசதியா ஒண்ணு கிடையாது, சீட்டுக்கு அடியில கூட போயிரும். ஆனா தகடு ரொம்ப மெல்லிசு, நாலாவது தடவையே சூட்டுல முறுக்கிக்கிட்டு மூடவே மாட்டேன்னுருச்சு. அதவிட பெரிய குறை ஆழம் இல்லாததுங்க. கரிக்கும் கம்பிக்கும் நடுவுல ரெண்டு விரல்கடைதான் இருக்குது, அந்த இடைவெளியில நம்ம மசாலா தடவுன லெக் பீஸ வச்சா வெளிய கருகிரும், எலும்பு பக்கத்துல ரத்தம் அப்படியே நிக்கும். நாலு விரல்கடைக்கு மேல இடைவெளி இருக்குதான்னு பார்த்து வாங்குங்க, விளம்பரத்துல போடற மத்த எல்லாத்தவிட எனக்கு இதுதான் முக்கியம்.

ரெண்டாவது வார்ப்பிரும்பு, ஜப்பான்காரங்க ஹிபாச்சி மாதிரி சின்ன தொட்டி. சூடு அப்படியே நிக்கும், மீன் சுட அருமை. ஆனா தூக்க முடியாது, சூடா இருக்கும்போது தண்ணி பட்டா விரிசல் விட்ரும், எண்ணெய் தடவி வைக்காட்டி துரு ஏறிரும். வீட்டு மொட்டை மாடிக்கு சரி, பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப ஆறு வருசமா வச்சிருக்கறது மூடி போட்ட 14 இன்ச் உருண்டை. கீழயும் மேலயும் காத்து ஓட்டை, திறந்தா சூடு ஏறும், பாதி மூடுனா இறங்கும், ரெண்டையும் முழுசா மூடுனா கரி தானா செத்துரும். இந்த வடிவமே காத்துக்காக வந்ததுதான். 1952ல சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன்னு ஒருத்தர், கடல்ல மிதக்க விடற இரும்பு மிதவை செய்யற பட்டறையில இருந்தவர், காத்துலயும் மழையிலயும் சுட முடியலன்னு மிதவைய ரெண்டா வெட்டி ஒரு பாதிய தொட்டியா, இன்னொரு பாதிய மூடியா ஆக்குனாரு, அதுதான் வெபர் கிரில். அவங்க ஸ்மோக்கி ஜோங்கற சின்ன மாடல் உங்க பட்ஜெட்ட தாண்டிரும், ஆனா அதே அமைப்புல நம்ம ஊர்லயே மத்த கம்பெனி உருப்படி கிடைக்குது. கடையில கையில எடுத்துப் பாருங்க, மூடி ஆடாம உக்காரணும், காத்து ஓட்டைத் தகடு லேசா நகரணும், கால் மூணும் அசையாம நிக்கணும், கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருந்தா நல்லது.

மூடி இருந்தா இன்னொரு பெரிய லாபம், கரிய ஒரே பக்கமா ஒதுக்கிக்கலாம். கரி இருக்கற பக்கத்துல ரெண்டு நிமிசம் காட்டி நிறம் வரவச்சுட்டு, கரி இல்லாத பக்கத்துக்கு மாத்தி மூடி வச்சா அரை மணி நேரத்துல லெக் பீஸ் உள்ள வரைக்கும் வெந்துரும். எண்ணெய் சொட்டி தீ எரியறதும் நின்னுரும்.

---

வெண்பொங்கல்

தம்பி, அம்மாவுக்காக தனியா சுடணும்னு யோசிச்சிருக்கீங்க பாருங்க, மனசுக்கு நிறைவா இருந்துது, அதுக்காகவே எழுதறேன். ஒரே கிரில்லுக்குள்ள சைவம் அசைவம்னு கோடு போட முடியாது, கொழுப்பு தெறிக்கும், அந்த வாசனையும் ஏறும். தனியா ஒரு கும்முட்டி அடுப்பு வாங்கிடுங்கோ. எங்க பாட்டி காலத்துல மயிலாப்பூர்ல வீட்டுக்கு வீடு இருந்துது, காபிக்கு வெந்நீர், அப்பளம் சுடறது, கத்திரிக்காய் சுட்டு கொத்சு, எல்லாமே அதுல தான். மேல கிண்ணம், அதுக்கு அடியில ஓட்டை போட்ட தட்டு, கீழ சாம்பல் விழவும் காத்து போகவும் ஒரு வாய். இப்ப பெரிய விலைக்கு விக்கற கிரில்லுக்குள்ள இருக்கற வித்தையும் அதே தானே! மண்ணுலயும் வரும், இரும்பு வாளிக்குள்ள மண் பூசியும் வரும். மண் பூசினது கைப்பிடியோட இருக்கும், கார்ல உடையாது, வெளிப்பக்கம் அவ்வளவா சுடாது, குழந்தைகள் இருக்கற இடத்துக்கு நல்லது.

மேல ஒரு சின்ன ஸ்டீல் கம்பித் தட்டு, அப்பளம் சுடறது இருக்கே அது போதும். சோளத்த மேல் தோலோட கொஞ்ச நேரம் சுட்டுட்டு அப்புறம் உரிச்சு நேரா நெருப்புல காட்டினா உள்ள பால் வத்தாம இருக்கும். பன்னீர்ல எண்ணெய் லேசா தடவி, கம்பி நல்லா காய்ஞ்சதுக்கு அப்புறம் வைங்கோ, இல்லன்னா ஒட்டிண்டு பிஞ்சு போயிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்க கடைசில தணல் சாம்பலுக்குள்ள புதைச்சு வச்சுட்டு எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு எடுங்கோ, அதோட ருசி வேற எதுலயும் வராது.

---

சாயல்குடிக்காரன்

ண்ணே, எல்லாரும் அடுப்ப பத்தியே பேசுறீங்க, கரிய விட்டுட்டீங்க. நான் ராமநாதபுரம் மாவட்டம், எங்க பக்கம் சீமைக்கருவேல விறகுல மூட்டம் போட்டு கரி எடுக்குறது பல குடும்பத்துக்கு சோறு. விறக அடுக்கி, மேல வைக்கோலு எல தழை போட்டு, மண்ணு பூசி, உள்ள காத்து அதிகம் போகாம பல நாள் வேக விடுவாங்க. ராவெல்லாம் முழிச்சு பாக்கணும், எங்கயாவது மண்ணு விரிஞ்சு காத்து உள்ள போயிருச்சுன்னா மொத்தமும் சாம்பல்தான்.

நல்லா வெந்த கரிய ரெண்டு துண்டெடுத்து தட்டிப் பாருங்க, ஓடு தட்டுன மாதிரி கிணுகிணுன்னு சத்தம் வரணும். மொத்துனு சத்தம் வந்தா ஈரம், இல்ல வேகாத கரி. வேகாத கரிதான் புகையும், கண்ண எரிக்கும், கறியில கசப்பு ஏத்தும். முழு துண்டா பாத்து எடுங்க, மூட்டைக்கு அடியில கெடக்குற தூளு காத்த அடைச்சு நெருப்ப அமத்திரும். கருவேலங்கரி கெட்டி, பிடிக்க நேரம் எடுக்கும், பிடிச்சா நின்னு எரியும்.

உங்களுக்கு காங்கேயம் பொள்ளாச்சி பக்கம்தான, கொட்டாங்குச்சிக் கரியும் நல்லா கெடைக்கும். அது சீக்கிரம் பிடிக்கும், புகை கம்மி, ஆனா சின்ன சின்ன துண்டா இருக்குறதால கம்பி வழியா கீழ விழும். கீழ கொட்டாங்குச்சி, மேல கருவேலம்னு கலந்து போட்டா ரெண்டோட நன்மையும் வந்துரும். அச்சுல அடிச்ச பிரிக்கெட் ஒரே சீரா ஒரு மணி நேரம் போல நிக்கும், ஆனா தீக்குச்சி காட்டுன உடனே பத்திக்கிற மாதிரி மருந்து போட்டது வருது பாருங்க, அத சாப்பாட்டுக்கு நான் தொடமாட்டேன்.

பத்த வைக்க மண்ணெண்ணெய் பெட்ரோல் எதுவும் வேணாம்ணே, கையெடுத்து கும்பிட்டு சொல்றேன். எரியுற கரி மேல ஊத்துனா பாட்டில் வரைக்கும் தீ ஏறி வரும். காஞ்ச தேங்கா நாரு, பன்னாடை, தோப்புல இல்லாததா? அத அடியில வச்சு மேல கரிய கூம்பா குவிச்சு பத்த வைங்க. கரி மேல வெள்ளை சாம்பல் படர்ற வரைக்கும் கறிய வைக்காதீங்க.

---

வடமராட்சியான்

நான் இருக்கிறது லண்டன். இஞ்ச ஒருக்காப் பாவிச்சிட்டு எறியிற அலுமினியத் தட்டு பார்பிக்யூ மலிவா வரும், நாங்களும் முந்தி பார்க்குக்கு அதத்தான் கொண்டு போறனாங்கள். கால் இல்லாதபடியால் நேர புல்லுக்கு மேல வைச்சா புல்லு கரிஞ்சு கறுப்புச் சதுரம் ஒண்டு அப்பிடியே கிடக்கும். 2022ல இஞ்ச வரலாறு காணாத வெயில், எல்லா இடமும் காய்ஞ்சு போய்க் கிடந்தது, அந்த வருசம் ஆல்டி, வெயிட்ரோஸ் எண்ட சூப்பர்மார்க்கெட்டுகள் அந்தத் தட்டுகளை விக்கிறதையே நிப்பாட்டிப் போட்டினம். உங்கட நாட்டிலயும் ஆரும் கொண்டு வந்தா தயவுசெய்து தோப்புக்குள்ள அத வைச்சிடாதேங்கோ. கால் உயரமா இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ தம்பி.

---

ஈரோட்டுக்காரன்82

இவ்வளவு பொறுமையா எழுதுனதுக்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, வீட்டுக்காரிக்கும் படிச்சுக் காட்டுனேன். இன்னும் ரெண்டு சந்தேகம். சாயங்காலம் கிளம்பும்போது கரி இன்னும் கனன்டுட்டு இருக்கும், அத என்ன பண்றது? இதுவரைக்கும் மண்ணப் போட்டு மூடிட்டு வந்துருவோம். அப்புறம் மழை வந்தா தூக்கிட்டு ஷெட்டுக்குள்ள போயிரலாமுங்களா?

---

தோப்புவாசி

மண்ணுல மூடறத இதோட விட்ருங்க. மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது, உள்ள மணிக்கணக்கா தணல் இருக்கும், கடற்கரையில இப்படி மூடி வச்ச மணல்ல குழந்தைங்க கால வச்சு வெந்து போறது நடந்துட்டேதான் இருக்குது. மூடி போட்ட கிரில்னா சாப்பிட்டு முடிச்ச உடனே ரெண்டு ஓட்டையையும் அடைச்சுருங்க, பாத்திரம் கழுவி பாய சுருட்டறதுக்குள்ள பெரும்பாலும் அணைஞ்சிரும். கும்முட்டியில மிச்சம் இருக்கற தணல, கிடுக்கியில எடுத்து இறுக்கமா மூடற பழைய முறுக்கு டின்னுல போட்டு மூடி தரையில வச்சிருங்க, காத்து இல்லாம செத்துரும், அடுத்த தடவைக்கு அந்தக் கரிதான் சீக்கிரம் பிடிக்கும். நான் வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் திறந்து தண்ணி தெளிச்சுக் கிளறிப் பார்ப்பேன், கை வச்சா ஜில்லுனு இருந்தாத்தான் ஏத்துவேன். ஏன்னா பாதி அணைஞ்ச கரிய கார்ல வச்சு கண்ணாடிய ஏத்துனா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் வர மாதிரிதான் இருக்கும். மழைக்கும் அதே பதில்தாங்க. நாலு பக்கமும் திறந்த கொட்டாய்னா பரவால்ல, சுவர் வச்ச ஷெட்டுக்குள்ளயோ டென்ட்டுக்குள்ளயோ ஒருக்காலும் வேண்டாம். மலை ஊர்ல குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்ப வச்சுப் படுத்து எந்திரிக்காமலே போனவங்க செய்தி எத்தன படிச்சாச்சு.

தோப்புல காஞ்ச மட்டை கிடக்கற இடத்துல வைக்காதீங்க, பத்தடி சுத்தி கூட்டி வெறும் மண்ணாக்கிட்டு ரெண்டு குடம் தண்ணிய பக்கத்துல வச்சுக்குங்க. ஆத்துக் கல்லு மேல தணல கொட்டாதீங்க, உள்ள ஈரம் இருந்தா வெடிச்சுத் தெறிக்கும். அப்படியே டாப்ஸ்லிப் வால்பாறை பக்கம் போற யோசனை இருந்தா கிரில்ல வீட்லயே விட்டுட்டுப் போங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள நெருப்பு மூட்டறது சட்டப்படி குத்தம். 2018 மார்ச்ல குரங்கணி தீயில மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல போனது இன்னும் மனசுல இருந்து போகல.

---

ஈரோட்டுக்காரன்82

மூணு வாரம் கழிச்சு எழுதறேனுங்க. 14 இன்ச் மூடி போட்டது, நம்ம ஊர் கம்பெனி, 3,200 ரூபா ஆச்சு, கால கழட்டி உள்ளயே போட்டா வேகன்ஆர் டிக்கில ஓரமா உக்காந்துக்குது. மண் பூசுன வாளி கும்முட்டி மண்பானை விக்கறவங்ககிட்டயே 450க்குக் கிடைச்சுது. கரி தட்டிப் பார்த்துத்தான் வாங்குனேன், முதல் கடையில மொத்துன்னு சத்தம் வந்துச்சு, நேரா அடுத்த கடைக்குப் போயிட்டேன்.

ஒண்ணே முக்கா கிலோ சிக்கன ரெண்டு தவணையா சுட்டோம், கரி ஒன்றரை கிலோவுக்குள்ள முடிஞ்சுது. முதல் தவணையில மசாலா தயிர் அதிகமாகி கொஞ்சம் ஒட்டுச்சு, ரெண்டாவதுக்கு கம்பிய நல்லா காய விட்டு வெங்காயத்த எண்ணெயில தொட்டுத் தேய்ச்சேன், சுத்தமா ஒட்டல. அம்மா நாப்பது வருசம் கழிச்சு கும்முட்டி முன்னாடி உக்காந்தாங்க, யாரையும் கிட்ட விடாம விசிறியோட அவங்களே சோளம் சுட்டாங்க, கத்திரிக்காய் ரெண்டு கேட்டு வாங்கி அதையும் சுட்டாங்க. பசங்க கறிய விட்டுட்டு பாட்டி பக்கம் போயிட்டாங்க. மச்சான் அவருக்கும் ஒரு கும்முட்டி வேணும்னு சொல்லியிருக்காரு, அடுத்த வாரம் போகும்போது எடுத்துட்டுப் போறேன்.