ஸ்பிட்ஃபயர் ஓடுபாதையில் ஏன் அவசரப்படுகிறது?

ஓசூர் லேத்: வீடியோக்களில் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானம்) எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் வானில் ஏறிவிடுகிறார்களே, என்ன காரணம்?

பாலக்கோடு: சூடுதான். அதில் இருப்பது மெர்லின் என்ற 27 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். ஆரம்ப மாடல்களில் குளிர்விக்கும் ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில் இருக்கும். சக்கரம் இறங்கியிருக்கும்போது அதன் காலே காற்றை மறைக்கும். தொப்பூர் மேட்டில் மெதுவாக ஏறும் லாரிக்குச் சூடு ஏறுவதுபோலத்தான், ஆனால் இங்கே சில நிமிடங்கள்தான் கெடு. நின்றால் கூலன்ட் கொதித்து வெளியே கொட்டிவிடும். அதனால் எண்ணெய் சூடாகும்வரை மட்டும் காத்திருந்து, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 24. ஒரு மேக்னட்டோவை அணைத்ததும் எஞ்சின் சுற்றும் வேகம் அதிகம் விழுந்தால் பிளக்கில் கரி படிந்திருக்கலாம், ஏறக் கூடாது.

ஊத்தங்கரை: மூக்கு நீளம் என்பதால் முன்னால் எதுவும் தெரியாது, வளைந்து வளைந்துதான் உருட்ட வேண்டும். அதுவும் நேரத்தைத் தின்னும்.

ஓசூர் லேத்: நன்றி. நம்ம நாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா?

பாலக்கோடு: உண்டு, அருமையான ஒன்று. ஆர்4118 என்ற எண் கொண்ட ஹரிக்கேன், அதுவும் மெர்லின் எஞ்சின் போர்விமானம்தான். 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்தது, பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கிடந்தது. மீட்டுச் சீரமைத்து 2004-இல் மறுபடி பறக்கவிட்டார்கள்.