பூனையும் வேணும், தேன்சிட்டும் வேணும்: என்னதான் செய்ய?

புளியரைக்காரி:

செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக்கு ஏறுற மலைரோட்டுக்கு இந்தப் பக்கம், புளியரையில எங்க வீடு. முன்னால வயல், பின்னால புறவாசல். தோட்டம்னு பெருசா நினைச்சுக்கிடாதீங்க. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு எலுமிச்சை, கொஞ்சம் வாழை, கிணத்தடியில பப்பாளி, அவ்வளவுதான். ஆனா சாரல் காலத்துல காப்பித் தம்ளரோட புறவாசப்படியில உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. விடியறதுக்கு முன்னாலயே வண்ணாத்திக்குருவி பழைய ஆன்டெனா கம்பியில நின்னு பாட ஆரம்பிச்சிரும். வெளிச்சம் வந்ததும் தேன்சிட்டு. அது செம்பருத்திப்பூவுக்குள்ள மூக்கை விடுறதே இல்ல. பூவோட அடியில பக்கவாட்டுல ஒரு குத்து, தேனை உறிஞ்சிட்டுப் பறந்திரும். மகரந்தம் ஒட்டாது, பூவுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது, சுத்தத் திருட்டு. நாள் பூரா பாக்கலாம்.

இந்தத் தடவை நந்தியாவட்டையில தையல்சிட்டு கூடு வச்சிருக்கு, என் இடுப்பு உயரத்துல. ரெண்டு இலையை ஒண்ணா இழுத்துத் தைச்சிருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கிட்டப் போய்ப் பாத்தேன். இலை ஓரத்துல அலகால குத்துன பொடி ஓட்டை, அதுக்குள்ள பஞ்சு இழை (யார் வீட்டுத் தலையணையில பிடுங்கிச்சோ). வெளிப்பக்கம் அந்த இழை புசுபுசுன்னு விரிஞ்சு நிக்குது, அதனால உருவிக்கிட்டு வரல. முடிச்சே கிடையாது.

இப்ப பிரச்சினைக்கு வாரேன். சுந்தரி. மூவண்ணப் பூனை, மச்சுல குட்டி போட்டிருக்கா. போன வாரம் வண்ணாத்திக்குருவிக் குஞ்சு ஒண்ணைக் கவ்வி வந்து குட்டிங்க முன்னால போட்டா. உசுரு இருந்துச்சு. பிடுங்கி எடுத்தேன், வெளியில காயமே தெரியல, மறுநாள் காலையில செத்துக் கிடந்துச்சு. அத்தை "அது பூனை, பின்ன வெண்டைக்காயா பறிக்கும்"ங்காங்க. பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு கழுத்துல மணியும் கட்டிட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. வீட்டுல நெல்லு மூடை கிடக்கு, பூனை இல்லாம முடியாது. நாங்க சைவம், அவளுக்கும் பால்சோறு, தயிர்சோறுதான். கூட்டுக்குள்ள இப்ப குஞ்சுச் சத்தம் கேக்குது. யாராவது வழி சொல்லுங்க.

கூடலூர் ஏலத்தோட்டம்:

யக்கா, ரொம்ப மனசக் குழப்பிக்கிறாதீங்க. எங்க பக்கம், குமுளி அடிவாரத்துல, செம்போத்து திங்காத குஞ்சையா பூனை தின்னுச்சு? நானே பாத்திருக்கேன், வேலி வேலியாப் புகுந்து கூட்டைக் கிழிச்சு முட்டையையும் குஞ்சையும் தூக்கிட்டுப் போகும். காக்கா, வல்லூறு, சாரைப்பாம்பு, கீரி, எல்லாத்துக்கும் வயிறு இருக்குல்ல. இதுல பூனையை மட்டும் கூண்டுல ஏத்துறது என்ன நியாயம்? எலிதான் முக்கியம். ஒரு சாக்குல எலி விழுந்தா மொத்தமும் நாறிப்போகும்.

கொல்லங்கோட்டுக்காரன்:

அண்ணன் சொல்றது பாதி சரி. செம்போத்து தின்னத்தான் செய்யும். ஆனா அது தன் எல்லைக்குள்ள இன்னொரு ஜோடியை விடாது, இரை குறைஞ்சா அதுவும் குறைஞ்சுடும். பூனைக்கு இந்தக் கணக்கே கிடையாது. தோட்டத்துல ஒரு குருவி மிஞ்சலைன்னாலும் ராத்திரி பால்சோறு கிடைச்சுடும். ஒரு தெருவுல அத்தனை பூனை நிக்கறது நம்ம சோத்துலதான். அதனாலதான் இது இயற்கைன்னு கையைக் கழுவ முடியாது.

அமெரிக்காவுல 2013ல வந்த ஒரு கணக்குப்படி, அங்க வெளியில திரியற பூனைங்க வருஷத்துக்கு 130 கோடியிலேருந்து 400 கோடி பறவை வரைக்கும் கொல்லுது. அதுல பெரும்பங்கு வீட்டுப் பூனை இல்ல, சொந்தக்காரன் இல்லாத பூனை. இன்னொண்ணு, நியூசிலாந்துல கலங்கரை விளக்கக் காவல்காரர் வளர்த்த ஒரே பூனை ஒரு பறவையினத்தையே அழிச்சதுன்னு வாட்ஸ்அப்ல சுத்தும். அது நடந்தது 1894 வாக்குல, ஸ்டீபன்ஸ்ங்கற குட்டித் தீவுல. பறக்கவே முடியாத குருவி. ஒத்தைப் பூனையும் இல்ல, பூனைங்க அங்க பெருகிப்போச்சு. புளியரை தீவு இல்ல அக்கா, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம்.

மணி விஷயம் நீங்க பார்த்ததுதான் சரி. இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க 355 பூனையை வச்சுப் பார்த்து 2021ல எழுதினாங்க. மணி கட்டினதால சொல்லிக்கற மாதிரி பலன் இல்ல. பளிச்சுன்னு பல நிறத்துல அகலமான துணியைக் கழுத்துப்பட்டை மேல சுத்தினா, வீட்டுக்குக் கொண்டு வர்ற பறவை 42 சதவீதம் குறைஞ்சுது. பறவைக்கு நிறம் நல்லாத் தெரியும், தூரத்துலயே உஷாராகிடும். எலிப்பிடிப்பு அப்படிக் குறையலை, அதனால கூடலூர் அண்ணனுக்கும் சமாதானம். தினம் அஞ்சு பத்து நிமிஷம் கயிறு, இறகு காட்டி விளையாடினாலே மொத்தப் பிடிப்பு 25 சதவீதம் குறைஞ்சுது. எல்லாத்தையும்விட உங்களுக்கு முக்கியம் சாப்பாடு. மாமிசம் நிறைய இருக்கற தீனிக்கு மாத்தினதும் 36 சதவீதம் குறைஞ்சுது. வயிறு நிறைஞ்சாலும் பூனை வேட்டையாடும்தான். ஆனா டாரின்னு ஒரு சத்து, அதைப் பூனை உடம்பு போதிய அளவுக்குத் தானா உண்டாக்காது. மீன், கறி மூலமாத்தான் வரணும். ரொம்ப நாள் இல்லாமப் போனா கண்ணும் இதயமும் கெடும். பால்சோறு வயித்தை ரொப்பும், அவ்வளவுதான். குட்டிக்குப் பால் குடுக்கற தாய் வேற.

தோவாளைப்பூ:

அக்கா, நான் கால்நடை மருந்தகத்துல வேலை பாக்குதேன். நாகர்கோவில் பக்கம். காயமே தெரியலன்னு எழுதியிருக்கீங்க, எங்ககிட்ட கொண்டு வர்றவங்களும் அதையேதான் சொல்லுவாங்க. பூனைப் பல்லு ஊசி மாதிரி, ஓட்டை இறகுக்குள்ள மறைஞ்சு போயிரும். அது வாயில பாஸ்டுரெல்லான்னு ஒரு கிருமி உண்டு. சின்னக் குருவிக்கு ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்தத்துல ஏறி ஆளை முடிச்சிரும். இனிமே பூனை வாயில இருந்து எடுத்தா, நல்லா இருக்குன்னு பறக்க விட்டுராதீங்க. காத்து போற அட்டைப்பெட்டிக்குள்ள துணி விரிச்சு, இருட்டா, சூடா வைச்சு அன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க, ஆன்டிபயாட்டிக் குடுத்தாத்தான் பிழைக்க வழி. வாயில தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, மூச்சுக்குழல்ல இறங்கிச் செத்துரும்.

இன்னொரு காரியம். வண்ணாத்திக்குருவிக் குஞ்சு சரியாப் பறக்கத் தெரியுமுன்னமே கூட்டை விட்டு இறங்கிரும். வாலு கட்டையா, நெஞ்சுல புள்ளி புள்ளியா, தரையிலயும் செடி மூட்டுலயும் தத்திக்கிட்டுக் கிடக்கும். தாயும் தகப்பனும் பக்கத்துலயேதான் இரை குடுக்கும். அனாதைன்னு நினைச்சு ஆளுங்க எடுத்துட்டு வந்துருவாங்க. குஞ்சை அடைக்காதீங்க, அந்த ஒரு வாரம் பத்து நாளு பூனையை அடைங்க. அதுவும் விடியக்காலையும் அந்தி நேரமும்தான் முக்கியம், மத்தியானம் அது தூங்கத்தான் போகுது. குட்டி பால்குடி மறந்ததும் ஆபரேஷன் செஞ்சிருங்க. அடுத்தடுத்து குட்டி போட்டா, வேட்டை பழக்குறதுக்குன்னே உயிரோட பிடிச்சு வரும்.

புளியரைக்காரி:

தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் நன்றி. பூனை எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கு. தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமும் ஒரு மூலையைப் பாத்துக் கீச்சுக்கீச்சுன்னு ஏசுச்சுன்னா, அங்க சுந்தரி பம்மிக்கிட்டு இருப்பா. சத்தம் பொறுக்க முடியாம அவளே எந்திரிச்சு வந்திருவா, மூஞ்சியைப் பாக்கணுமே.

அடைக்கிறது ஆகும். நெல்லு கிடக்கிற அறையிலயே குட்டிகளோட போட்டுருதேன், எலிக்கும் ஆச்சு. மீன் விஷயம்தான் வீட்டுல பெரிய பேச்சாப் போச்சு. அடுக்களைக்குள்ள வரவே கூடாதுன்னாங்க அத்தை. கடைசியில "தொழுவத்துல வச்சுக் குடு, சட்டி தனி, கரண்டி தனி"ன்னு இறங்கி வந்திருக்காங்க. கொல்லத்துல இருந்து வர்ற சாளை இங்க சைக்கிள்ல வரும். பச்சையாவே போடலாமா? அப்புறம் அந்த நந்தியாவட்டை, அதுக்கு இன்னைக்கே ஏதாவது செய்யணும்.

தோவாளைப்பூ:

பச்சையாத் தினமும் வேண்டாம். சாளையில வைட்டமின் பி1 சத்தை அழிக்கிற ஒரு பொருள் இருக்கு, வேக வைச்சா அது போயிரும். உப்பு, மஞ்சள், மசாலா ஒண்ணும் போடாம அவிச்சு, முள்ளு எடுத்துப் போடுங்க. மீனே தினமும் வேண்டாம். பாக்கெட் தீனியில டாரின் சேர்த்திருப்பாங்க, அதை வச்சுக்கிட்டா அத்தைக்கும் நாத்தம் இல்ல.

கூடலூர் ஏலத்தோட்டம்:

சரி யக்கா, செம்போத்துக்காக வாதாடுனது போதும், வேலைக்கு ஆகுற ஒண்ணு சொல்றேன். எலுமிச்சை கவாத்துப் பண்ணுன முள்ளுக் கொப்பு கிடக்கும்ல, அதை நந்தியாவட்டை மூட்டைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு நெருக்கமாப் பரப்பி விடுங்க. கூட்டைத் தொட்டுக்கிட்டு வைக்காதீங்க, குருவி போற வாசல் அடைஞ்சிரக் கூடாது. தாய் இரைக்குப் போன நேரமாப் பாத்துச் சட்டுன்னு முடிச்சிட்டு வந்திருங்க. பக்கத்துல பூனை ஏறித் தாவுற மாதிரி தொட்டி, விறகு, துவைகல்லு எதுவும் இருந்தா நகட்டுங்க. பப்பாளியில கூடு இருந்தாத் தகரம் அடிச்சிரலாம், தென்னையில எலிக்கு அடிக்கிற அதே வேலைதான். குருவிக்குத் தண்ணி வைக்கிற சட்டி செடிக்குள்ள இருந்தா வெட்ட வெளிக்கு மாத்துங்க, பம்மி வர மறைப்பு இருக்கக் கூடாது. அடிக்கடி எட்டியும் பாக்காதீங்க, நீங்க போறதைக் காக்கா கவனிச்சுக்கிட்டே இருக்கும்.

புளியரைக்காரி:

முள்ளு போட்டாச்சு, கையெல்லாம் கீறல். துவைகல்லை நகட்ட இவங்க வரணும். கழுத்துத் துணியை வீட்டுலயே தைக்கலாமா? பழைய சுங்குடிச் சேலை, மஞ்சளும் சிவப்பும், இருக்கு.

கொல்லங்கோட்டுக்காரன்:

தாராளமா. ரெண்டு இஞ்சு அகலத்துக்குக் குழாய் மாதிரி தைச்சு, கழுத்துப்பட்டையை உள்ள விடுங்க. பட்டை மட்டும், இழுத்தாத் தானா அவிழற கொக்கி உள்ளதாப் பார்த்து வாங்குங்க, கிளையில மாட்டினா கழுத்து இறுகிடக் கூடாது. ஒரு விரல் நுழையற அளவுக்கு இடம் விடுங்க. முதல் ரெண்டு நாள் பின்காலால பிறாண்டுவா, அப்புறம் பழகிடும்.