வீட்டு வயரிங்: சான்றிதழ் உள்ளவர்தான் தொட வேண்டுமா?

வெண்ணாறு
போன ஐப்பசி அடைமழையில், நீடாமங்கலம் பக்கம் எங்கள் வீட்டில் நடந்தது. கொல்லைப்புறம் இருக்கும் வாஷிங் மெஷினை அம்மா ஈரக் கையோடு தொட்டதும் தூக்கி எறிந்துவிட்டது. தோளில் அடி, உயிர் தப்பினார். பிறகு பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் வயரே இழுக்கவில்லை. எர்த் ஓட்டையிலிருந்து ஒரு துண்டு வயரை நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரில், கட்டிவிட்டிருக்கிறார்கள். வீடு கட்டும்போது கொத்தனார் கூட்டி வந்த பையன் செய்த வேலை. எட்டு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. மழையில் நியூட்ரல் விட்டுப்போனதும் மெஷினின் தகரம் முழுக்கக் கரண்ட்.

சான்றிதழ் இல்லாதவர் வீட்டு மெயின் போர்டைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம். சுவருக்குள் 230 வோல்ட்டைப் புதைக்கிறவரிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை? உங்கள் ஊரில் எப்படி?

வலங்கைமான் வயர்மேன்
அம்மா பிழைத்தாரே, அது போதும் தங்கச்சி. ஆனால் பழியை முழுக்க அந்தப் பையன் தலையில் போடாதீர்கள்.

நான் 31 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பத்தாவது பெயில். குடவாசலில் ஒரு மேஸ்திரியிடம் ஆறு வருடம் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்துக் கற்றுக்கொண்டது. பேப்பர் கிடையாது. எர்த்துக்குத் தனி வயர் வேண்டும், குழி தோண்டி பைப் இறக்க வேண்டும், உப்பும் கரியும் போட வேண்டும் என்று நான் சொல்லாத வீடு இல்லை. டைல்ஸுக்கு லட்சம் கொடுப்பவர்கள் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று அடிமாட்டு விலைக்குப் பேசினால் அந்தப் பையன் எதை விடுவான்? கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுவான்.

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய நாள். கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டு. வெளியூரிலிருந்து வந்த ஈபி ஆட்கள் தெருவுக்குக் கரண்ட் கொடுத்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் நனைந்து ஊறிய வீடுகளுக்குள் போய்ப் போர்டு போர்டாகப் பிரித்துக் காயவைத்துச் சரிசெய்தது எங்களைப் போன்ற ஆட்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் மட்டும் நான் நாற்பது வீட்டுக்கு மேல் பார்த்தேன். சான்றிதழ் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும் என்றிருந்தால் அந்த வீடுகள் பொங்கல் வரை இருட்டில் கிடந்திருக்கும்.

லைன்மேன் மகள்
ஐயா, உங்கள் உழைப்பை மறுக்கவில்லை. அதே கஜா சமயத்தில் என் அப்பா பட்டுக்கோட்டை பக்கம் கம்பத்தில் நின்றார். பல வீடுகளில் வாடகை ஜெனரேட்டரை எடுத்து வந்து பிளக் பாயிண்டில் சொருகினார்கள். ஈபி லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடையாது, மெயினையும் அணைக்கவில்லை. அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 11,000 வோல்ட்டாகி லைனில் நிற்கும். லைன் ஆஃப் என்று நம்பிக் கைவைப்பவர் என் அப்பா மாதிரி ஒருவர். அப்படிச் சொருகிக் கொடுத்தவர்களும் ஊரில் பல வருடம் வேலை பார்த்த வயர்மேன்கள்தான். வீட்டுக்குள் செய்யும் தப்பு வீட்டோடு நிற்பதில்லை. இதில் வெண்ணாறு சொல்வதுதான் என் கட்சி.

ஐடிஐ வாத்தியார்
எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கட்டாயமாக்கலாமா என்று கேட்கிறீர்கள், ஏற்கெனவே கட்டாயம்தான். 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்தவற்றிலும் இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வயரிங் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் கூட இருந்து மேற்பார்க்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் என்று இருப்பதை அப்படியே மாற்றிப் போடுவதற்கு மட்டும் விலக்கு.

வலங்கைமான் அண்ணனுக்கு ஒன்று. இரண்டு வருடம் ஐடிஐயில் உட்கார்ந்தால்தான் பேப்பர் என்று இல்லை. 5 வருட வேலை அனுபவம் இருந்தால் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். 21 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை.

மாப்பிள்ளைச்சம்பா
விதி இருக்கிறது சார். அது எப்படி நடக்கிறது என்று நான் சொல்கிறேன். புது சர்வீஸுக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் லைசென்ஸ்காரர் கையெழுத்து வேண்டும். என் வீட்டில் வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர். அவர் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை, அதற்குத் தனிக் காசு வாங்கிக்கொண்டார். வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்த மாதிரி இன்சுலேஷன் அளவெல்லாம் தாளில் நிரப்பியிருந்தது. அன்றைக்கு என் வீட்டில் மெயின் போர்டே மாட்டவில்லை.

கட்டாயத்தை இறுக்கினால் அந்தக் கையெழுத்தின் விலைதான் ஏறும். சுவருக்குள் கிடக்கும் வயர் மாறாது. ஆளிடம் பேப்பர் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை நான் எதிர்ப்புதான்.

மன்னை சிங்கப்பூர்
இங்கே ஒன்பது வருடமாகக் கேபிள் இழுக்கிறேன். உரிமம் எனக்குக் கிடையாது. சிங்கப்பூர் அரசின் எனர்ஜி மார்க்கெட் அத்தாரிட்டியிடம் உரிமம் வாங்கியவர் பொறுப்பில்தான் வேலை நடக்கும். எங்கள் சைட்டில் அவர் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கரண்ட். தப்பு என்றால் போவது அவருடைய உரிமம், அதோடு அவர் பிழைப்பும் போய்விடும். அதனால் என் வேலையைக் குடைந்து குடைந்து பார்ப்பார். மாப்பிள்ளைச்சம்பா வீட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பயம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லீவில் ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் மெயின் போர்டைத் திறந்து காட்டுவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளை என்ற நம்பிக்கை. நானும் செய்து கொடுத்திருக்கிறேன். இங்கே எனக்கு அனுமதி இல்லாத வேலையை என் அத்தை வீட்டில் செய்தது சரியில்லை என்று இப்போது படுகிறது. கட்டாயம் வேண்டும், கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்கிற கட்டாயமாக இருக்க வேண்டும்.

தலைஞாயிறு
எல்லோரும் டைல்ஸ் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் பாதி வீடு குடிசை சர்வீஸ். ஒற்றை விளக்குக்கு இழுத்த வயர். 2006க்கு அப்புறம் இலவச டிவி வந்தது. 2011க்கு அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தது. எல்லாம் அதே வயரில் ஓடுகிறது. எங்களுக்கு வருகிற வயர்மேன் 150 ரூபாய் வாங்குவார், இல்லாத வீட்டில் வாங்காமலே செய்துவிட்டுப் போவார். அவரைத் தடுத்தால் லைசென்ஸ்காரர் எங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. என் தம்பிதான் ஸ்டூல் போட்டு ஏறுவான். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் எங்கள் வீடுகளுக்கு வீட்டுக்கொரு ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், இலவசமாக மாட்டச் சொல்லுங்கள். கிரைண்டர் கொடுத்த அரசால் அதையும் கொடுக்க முடியும். சட்டத்தை அப்புறம் பேசலாம்.

வெண்ணாறு
தலைஞாயிறு அக்கா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. வயர்மேன் அண்ணன் சொன்னதையும் அப்பாவிடம் கேட்டேன். எர்த் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அப்பாதான். ஒத்துக்கொண்டார்.

ஆனால் அதனால்தான் எனக்குச் சான்றிதழ் இன்னும் அவசியமாகப் படுகிறது. அந்தப் பையனிடம் அது இருந்திருந்தால், "எர்த் இல்லாமல் செய்தால் என் லைசென்ஸ் போய்விடும்" என்று அப்பாவிடம் சொல்லியிருப்பான். அப்பாவும் அடங்கியிருப்பார். வெறும் கையோடு வந்தவன் யாரிடம் என்ன மறுத்துப் பேசுவான்?

வலங்கைமான் வயர்மேன்
தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் நம்மூர் மண்ணைப் பற்றி எந்தத் தேர்வில் கேட்பார்கள்? கார்த்திகையில் களிமண் சேறாகக் கிடக்கும்போது எர்த் அருமையாக நிற்கும். சித்திரையில் வயல் வெடிக்கிற மாதிரியே எர்த் குழியும் வெடிக்கும். பைப்பை விட்டு மண் விலகிவிடும். அதனால்தான் குளிக்கிற தண்ணீர் போகும் பக்கமாகக் குழி எடுக்கச் சொல்வேன். வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று, ஜிஐ பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே கிளாம்பை வருடா வருடம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பேன். பளிச்சென்று எரிந்தால் நல்ல எர்த். 31 வருடத்தில் அது என்னை ஏமாற்றியதில்லை.

ஐடிஐ வாத்தியார்
அண்ணே, மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை நாளைக்கு வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன். ஆனால் அந்தப் பல்பு ஏமாற்றும். தாளில் போட்டுப் பாருங்கள்.

100 வாட் பல்பு எரிய அரை ஆம்பியர்கூட வேண்டாம். எரியும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 530 ஓம். உங்கள் எர்த் 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மட்டமான எர்த். அப்போதும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு நன்றாகவே எரியும். இப்போது அந்த வீட்டுக் கிரைண்டரின் பாடியில் பேஸ் பட்டுவிட்டது. 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் சுவிட்ச், அசையாது. பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், யாராவது தொடும் வரை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது இதுதான்.

எர்த் கெட்டிருந்தாலும் பழுது வரும் நாள் வரை வீடு நன்றாகத்தான் ஓடும். அதனால் இது அனுபவத்தில் பிடிபடாது. புகார் வரவில்லை என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் சான்றிதழ் வேண்டும் என்பது இதற்காகத்தான் அண்ணே.

மாப்பிள்ளைச்சம்பா
என் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் இந்தக் கணக்கையெல்லாம் படித்துத் தேறியவர்தானே. தெரிந்தும் வரவில்லை. நான் மாறவில்லை.

வலங்கைமான் வயர்மேன்
இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன் சார். 4.6தான் வருகிறது. அந்தப் பல்பைப் பார்த்து எத்தனை வீட்டுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேனோ, கஜாவில் பார்த்த வீடுகளும் சேர்த்து. ராத்திரி தூக்கமில்லை. எர்த் அளக்கிற மீட்டர் வாடகைக்குக் கிடைக்குமா?

தேர்வு எழுதுகிறேன். ஆனால் தேறும் வரை வேலையை நிறுத்து என்றால் முடியாது. என் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஐடிஐ வாத்தியார்
வாடகை வேண்டாம் அண்ணே. என் மீட்டர் இருக்கிறது, சனிக்கிழமை எடுத்து வருகிறேன். நீடாமங்கலத்தில் ஆரம்பித்து, மதியம் தலைஞாயிறு போய்விடலாம்.

தலைஞாயிறு
வாங்க சார், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஆனால் எங்கள் தெருவில் எர்த்தே கிடையாது. மீட்டரை எதில் வைப்பீர்கள்?