மக்களின் மகிழ்ச்சியை அரசாங்கம் திட்டம் போட்டுக் கூட்ட முடியுமா?

கேள்வி:
பூட்டானில் மொத்த தேசிய மகிழ்ச்சி என்பதை 2008 அரசியலமைப்பிலேயே எழுதி வைத்து, 9 துறைகள், 33 குறியீடுகள் என்று கணக்கெடுக்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் மனசுக்குள் இருப்பதை அரசாங்கம் எப்படி அளக்கும்? அளந்தாலும் அதை வைத்து எந்தச் செலவைக் கூட்டுவது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்க முடியுமா, இல்லை வெறும் பேச்சுதானா?

பதில் 1:
அளப்பது அவ்வளவு பெரிய வித்தை இல்லைங்க. உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசைக்கு அடிப்படை ஒரே கேள்விதான்: 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? சிரிக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. 2018இலிருந்து 2025 வரை பின்லாந்து வரிசையாக முதலிடம் பிடித்ததற்கு, வேலை போனாலும் நோய் வந்தாலும் தெருவுக்கு வந்துவிட மாட்டோம் என்ற தைரியம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

முடிவெடுக்கவும் உதவும். வேலை போனவருக்கு வரும் மனச்சரிவு, இழந்த சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வருவதைவிட அதிகம் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அப்படியென்றால் உதவித்தொகை மட்டும் கொடுத்தால் போதாது, வேலையே கிடைக்க வழி செய்ய வேண்டும். பொருளாதார வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

பதில் 2:
கேட்க நல்லா இருக்கு. நியூசிலாந்து 2019இல் நல்வாழ்வு பட்ஜெட் என்று போட்டு மனநலத்துக்கு 190 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. பணத்தை ஒரே நாளில் ஒதுக்கிவிடலாம், ஆனால் மனநல மருத்துவர்களையும் ஆலோசகர்களையும் பயிற்சி கொடுத்து உருவாக்க வருஷக்கணக்கில் ஆகுமே.

அப்புறம் பூட்டான். 1990களில் நேபாளி பேசும் லோட்சம்பா மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாளத்து முகாம்களில் கிடந்தார்கள். கணக்கெடுப்பு உள்ளே இருப்பவர்களிடம்தானே நடக்கும்?

கேட்டவர்:
வெளியே தள்ளப்பட்டவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, சராசரியை விட்டுவிட்டு, அடிப்படிகளில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தால்?

பதில் 1:
நானும் அந்தக் கட்சிதான். பிரிட்டனில் 2011 முதல் இதற்கென 4 கேள்விகள் கேட்கிறார்கள். வாழ்க்கைத் திருப்திக்கு 0 முதல் 4 வரை சொன்னவர்களின் விகிதத்தையும் தனியாகவே வெளியிடுகிறார்கள். 8இல் இருப்பவரை 9க்கு ஏற்ற அரசாங்கம் மெனக்கெட வேண்டியதில்லை. 3இல் இருப்பவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று தேடினால் தீராத வலி, மனச்சோர்வு, தனிமை, வேலையின்மை என்று கையில் பிடிக்கக்கூடிய காரணங்கள் வரும். பூட்டான் விஷயத்தில் மட்டும் என்னிடம் பதில் இல்லை, அவர் சொன்னது சரி.