அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார்: தீர்க்கதரிசனத்தை எப்படி நிதானிப்பது?

கேள்வி:
போன மாதம் எங்கள் தெருவில் நடந்த உபவாச ஜெபத்துக்கு வெளியூர் ஊழியர் ஒருவர் வந்தார். அம்மாவின் தலையில் கை வைத்து, "மகளே, உன் சர்க்கரை நோய் இன்றோடு நீங்கிற்று என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். 12 வருடமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையை அம்மா மறுநாளே நிறுத்திவிட்டார். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். தையல் கூலியில் சேர்த்த 3000 ரூபாயைக் காணிக்கையாகவும் கொடுத்துவிட்டார். இரண்டு வாரமாகத் தாகம் அடங்கவில்லை. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார். பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "ஆவியானவரைச் சந்தேகப்படச் சொல்கிறாயா?" என்று அழுகிறார். சோதித்துப் பார்ப்பது அவிசுவாசமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற உபதேசியார்):
மகளே, இன்றைக்கே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போ. மீதியை வந்து படி.

சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

அம்மாவுக்கு லூக்கா 5-ஐக் காட்டு. குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவே, "போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்றார். அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, சுத்தமா அசுத்தமா என்று தீர்க்கிறவன் ஆசாரியன்தான். ஆண்டவர் தாம் செய்த சுகத்தையே பரிசோதனைக்கு அனுப்பினார். சுகம் மெய்யானால் ரத்தப் பரிசோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

எரேமியா 28-ஐயும் வாசி. யூதர்மேல் இருந்த பாபிலோனின் நுகம், அதாவது அதன் ஆட்சி, இரண்டு வருடத்தில் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னான். கேட்க இனிப்பான வார்த்தை. தீர்க்கதரிசி எரேமியா அவனை உடனே திட்டவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். ஆனால் நிறைவேறினால்தான் அது கர்த்தர் அனுப்பியது என்று தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னார். அனனியா அதே வருடம் செத்துப்போனான், பாபிலோனில் யூதரின் சிறையிருப்போ நீண்டது. அம்மாவின் சுகத்துக்கு நீயும் ஆமென் சொல்லலாம். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

பதில் 2:
நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். தீர்க்கதரிசன வரத்தை முழு மனதோடு நம்புகிறேன். அதனாலேயே கோபம் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தீர்க்கதரிசி அகபு பஞ்சம் வரும் என்று சொன்னபோதும் காணிக்கை திரண்டது, ஆனால் அது யூதேயாவிலிருந்த சகோதரருக்கு உதவியாகப் போனது. ஆதித் திருச்சபையின் திடாகே என்ற போதனை நூல், ஆவியில் பேசிக்கொண்டே தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. அவர் கேட்டு வாங்கினாரா, அம்மாவாகக் கொடுத்தாரா? கேட்டு வாங்கியிருந்தால் உங்கள் சபை மூப்பர்களிடம் அவசியம் சொல்லுங்கள். ஒருவர் தீர்க்கதரிசனம் பேசினால் மற்றவர்கள் அதை நிதானிக்க, அதாவது சோதித்துத் தீர்மானிக்க, வேண்டும் என்பது கொரிந்தியர் நிருபத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்:
அவர்தான் கேட்டார், அண்ணா. மூப்பரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

லூக்கா 5-ஐ அம்மாவையே வாசிக்கச் சொன்னேன். ஆசாரியன் என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டார். சர்க்கரை 362. திரும்பி வந்ததும் பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்டை அவிழ்த்தார்.