ஹார்மோனைக் கேட்காத நோய் என்றால் எலும்பு ஏன் அரிக்கிறது?

கயல் அம்மா:
என் மகனுக்கு 13 வயது. போன வருஷம் வலிப்பு வந்து, வலிப்பு நோய்தான் என்று எட்டு மாதம் அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம்தான் கால்சியம் குறைவு என்று தெரிந்து, மரபணுப் பரிசோதனையில் சூடோஹைப்போபாராதைராய்டிசம் 1பி என்று வந்தது. இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் நிறையச் சுரக்கிறது, உடம்புதான் அதைக் கேட்பதில்லை என்றார் டாக்டர். சரி, அது புரிந்தது. கால்சியம் மாத்திரை தொடங்கியதிலிருந்து வலிப்பும் இல்லை, விரல் இழுப்பும் இல்லை. ஆனால் இப்போது படியேறினால் முழங்கால் வலிக்கிறது என்கிறான், எலும்பு தேய்ந்து உருவாகும் வேகம் கூடினால் இரத்தத்தில் உயரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடியிருக்கிறது, கை எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஹார்மோன் எலும்பை அரிக்கிறது என்கிறார்கள். கேட்காத ஹார்மோன் எப்படி அரிக்கும்?

நாடி (மருத்துவர்):
கேட்காதது உடம்பு முழுவதும் இல்லை, முக்கியமாகச் சிறுநீரகத்தின் முதல் குழாய்ப் பகுதி. ஹார்மோன் சொல்வதை செல்லுக்குள் கொண்டுபோகும் புரதத்தை ஜி.என்.ஏ.எஸ். மரபணு தருகிறது. அந்தப் பகுதியில் அப்பா வழி வந்த பிரதி இயல்பாகவே அடங்கியிருக்கும், அம்மா வழிப் பிரதிதான் வேலை செய்யும். 1பி-யில் அந்தப் பிரதியின் மேல் இருக்கவேண்டிய மெத்தில் அடையாளம் (மரபணு வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் ரசாயனக் குறி) போய்விடுவதால் அதுவும் அடங்கிவிடுகிறது. (இது நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை, அம்மா.) அதனால் பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது, வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதில்லை, கால்சியம் இறங்குகிறது, சுரப்பி இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பில் இரண்டு பிரதியுமே வேலை செய்வதால் அது ஹார்மோனை நன்றாகவே கேட்கும். எக்ஸ்ரேயில் நடுவிரல் எலும்பின் ஓரத்தைப் பாருங்கள், நேர்கோடாக இல்லாமல் எலி கொறித்த துணி மாதிரி இருந்தால் அது இந்த அரிப்புதான்.

பழைய நோயாளி:
எனக்கு 34 வயது, இதே 1பி. கால்சியம் நார்மல், போய் வாருங்கள் என்று பல வருஷம் அனுப்பிவிட்டார்கள், ஹார்மோன் அளவை யாருமே பார்க்கவில்லை. பார்த்தபோது 480, இடுப்பெலும்பு மெலிந்திருந்தது. கால்சிட்ரையாலை (செயல்படும் வடிவ வைட்டமின் டி மருந்து) படிப்படியாகக் கூட்டி இப்போது 90-ல் நிற்கிறது. வலி போக ஒரு வருஷம் பிடித்தது, ஆனால் போய்விட்டது. தயவுசெய்து கால்சியத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

நாடி (மருத்துவர்):
அவர் சொல்வது சரி. ஹார்மோனை நார்மல் மேல்வரம்பின் இரண்டு மடங்குக்குள் வைத்திருக்கப் பார்க்கிறோம், ஒரேயடியாக அடக்குவதும் வேண்டாம். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்ப் பகுதி ஹார்மோனைக் கேட்டுக் கால்சியத்தைப் பிடித்துவைப்பதால், தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஹைப்போபாராதைராய்டிசத்தைவிட (அதில் ஹார்மோனே போதுமான அளவு சுரக்காது) இதில் சிறுநீரகக் கல் பயம் குறைவு. இருந்தாலும் மருந்தைக் கூட்டும்போது சிறுநீர்க் கால்சியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கயல் அம்மா:
பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஹார்மோன் 612, அதற்குப் பிறகு ஒருமுறைகூட எடுக்கவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.